பால் வெட்டிய கையும் பந்தாடும் கையும்

இரு பிறப்பு

வரலாற்றில் சில நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று அறியாமலேயே ஒரே ஆண்டில் தோன்றிப் பின்னாளில் ஒன்றோடொன்று பின்னிக் கொள்கின்றன. 1877-ஆம் ஆண்டு அத்தகையது. ஹென்றி விக்காம் 1876-இல் பிரேசில் நாட்டுக் காடுகளிலிருந்து கொண்டு சென்ற இரப்பர் விதைகள் இலண்டன் கியூ தாவரத் தோட்டத்தில் முளைத்தன. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877-இல் கடல் கடந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அதே ஆண்டு ஜூலைத் திங்களில், இலண்டனின் புறநகராகிய விம்பிள்டனில் முதல் டென்னிஸ் போட்டி நடைபெற்றது. அதில் ஆடப் பெயர் பதிந்தவர்களும் 22 பேரே. ஸ்பென்சர் கோர் என்பவர் வாகை சூடினார்.

எண்கள் ஒத்திருப்பது தற்செயல். ஆனால் இரப்பருக்கும் டென்னிசுக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. பழைய ஐரோப்பிய டென்னிஸ் அரண்மனை மண்டபங்களில், கெட்டியான தரையின் மீது ஆடப்பட்டது. துணியும் மயிரும் திணித்துத் தைத்த அந்தப் பந்துகள் புல்தரையில் விழுந்தால் எழமாட்டா. சார்லஸ் குட்யியர் கந்தகம் சேர்த்து இரப்பரைப் பதப்படுத்தும் முறைக்கு 1844-இல் உரிமை பெற்ற பின்னரே, உள்ளே காற்றடைத்த துள்ளும் பந்து செய்ய வழி பிறந்தது. மேஜர் வால்டர் விங்ஃபீல்ட் 1874-இல் புல்தரை டென்னிசுக்கு உரிமை பெற்று, வலை, மட்டை, பந்து ஆகியவற்றை ஒரு பெட்டியில் வைத்து விற்றபோது, அப்பெட்டியின் உயிராக இருந்தது இரப்பர்ப் பந்துதான். இரப்பர் இல்லையேல் இவ்விளையாட்டு மண்டபத்தை விட்டு வெளியே வந்திராது.

அக்காலத்து இரப்பர் காட்டு மரங்களின் பால். தோட்ட இரப்பரின் காலம் பின்னர் வந்தது. அதற்குக் கால்கோள் விழா எடுத்த மண் மலாக்காவே. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவர் ஹென்றி ரிட்லி ஊர் ஊராக இரப்பரின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் சொல்லை நம்பி, 1896 அளவில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக முறையில் இரப்பர் பயிரிட்டவர் டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர். அதன் பிறகு மலாயாவின் மேற்குக் கரை முழுவதும் இரப்பர்க் காடாயிற்று. காடு வெட்டவும் கன்று நடவும் பால் வெட்டவும் தமிழகத்திலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் வந்தனர். டன்லப் போன்ற பெருநிறுவனங்கள் மலாயாவில் தமக்கெனத் தோட்டங்களை வைத்திருந்தன. அதே டன்லப்பின் பெயர் தாங்கிய டென்னிஸ் பந்துகள் உலகெங்கும் துள்ளின.

இங்கே ஒரு வினா எழுகின்றது. பந்துக்குப் பால் தந்த கை, அந்தப் பந்தை ஆடிப் பார்த்ததா? மலாயாவில் அக்கை வேலிக்கு வெளியே நின்றது. தமிழகத்திலோ அதே மொழி பேசிய மக்களுள் சிலர் வேலியைக் கடந்து விம்பிள்டனின் நடுத்தளம் வரை சென்றனர். இந்த வேறுபாட்டின் காரணத்தை ஆராய்ந்தால், இன்று மலாக்காவின் மன்றங்களிலும் பொதுத் தளங்களிலும் மாலை வேளைகளில் மட்டை பிடிப்போர்க்குப் பயன்படும் பாடங்கள் சில கிடைக்கும்.

மேட்டு நிலத்துப் புல்தளம்

தோட்டத்து வாழ்க்கை விடியலுக்கு முன்பே பிரட்டுக் களத்தில் தொடங்கியது. இருட்டோடு இருட்டாகப் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கும் கையில் உளியுமாக ஆணும் பெண்ணும் நிரைக்குச் சென்றனர். பால் வெட்டுதல் வெறும் உடலுழைப்பு அன்று, அது கைநுட்பம். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது; கூடினால் மரம் காயப்பட்டுப் பட்டை முடிச்சுப் போடும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த அளவு தவறாமல் கை ஓட வேண்டும். நாட்கூலி ஒரு வெள்ளியைக்கூட எட்டாத காலத்தில் இந்த நுட்பத்திற்குக் கிடைத்த மதிப்பு அவ்வளவே.

பால் நிறுத்து, பட்டறைக்கு அனுப்பி, லயத்துக்குத் திரும்பிய பின்னர், மாலை நான்கு மணிக்கு மேல் மேட்டு நிலத்தில் வேறோர் உலகம் விழித்தது. துரைமார் பங்களாவை அடுத்தும், வட்டாரத் தோட்டங்களுக்குப் பொதுவான மன்றங்களிலும் டென்னிஸ் தளங்கள் இருந்தன. புல்லை வெட்டியதும், கனத்த உருளையை இழுத்துத் தரையைச் சமன் செய்ததும், சுண்ணாம்புக் கோடு இட்டதும் தோட்டத்து ஆட்களே. வேலிப்புறம் ஓடிய பந்துகளைப் பொறுக்கிக் கொடுத்தவர்கள் தோட்டத்துச் சிறுவர்களே. அச்சிறுவர்கள் ஆட்டத்தின் விதிகளைப் பார்த்தே அறிந்திருப்பர். ஆனால் மட்டையைப் பிடிப்பது அவர்களுக்கு எண்ணத்திலும் எட்டாத செயலாக இருந்தது.

மலாக்கா நகரின் பண்டார் ஹிலிர் பகுதியில் 1912-இல் எழுந்த மலாக்கா மன்றக் கட்டடம் இந்த உலகின் அடையாளச் சின்னம். வெள்ளை நிறமும் பொன்னிறக் குவிமாடங்களும் கொண்ட அம்மாளிகை ஆங்கிலேய அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் கூடிய இடம். அதற்கு எதிரே உள்ள திடலில்தான் 1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் துங்கு அப்துல் ரகுமான் நாட்டின் விடுதலை நாளை அறிவித்தார். அம்மன்றக் கட்டடமே 1985-இல் விடுதலை அறிவிப்பு நினைவகமாக மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அடைத்திருந்த கதவு அனைவர்க்கும் திறந்ததற்கு இதைவிடப் பொருத்தமான சான்று மலாக்காவில் வேறில்லை.

எனினும், வேலியை வெள்ளையர் மட்டுமே போட்டனர் என்று சொல்வது முழு உண்மையாகாது. ஆங்கிலம் படித்த கிராணிமாரும் அரசு அலுவலரும் தமக்கெனக் கழகங்கள் அமைத்தனர். கோலாலம்பூரில் இலங்கைத் தமிழர் நிறுவிய தமிழர் உடற்பயிற்சிக் கழகம் போன்றவை விளையாட்டுக்கு நற்றொண்டு ஆற்றின என்பது மறுக்கவியலாதது. ஆயினும் லயத்துப் பிள்ளைக்கு இத்தகைய கழகங்களின் வாயிலும் எளிதில் திறந்ததில்லை. ஒருபுறம் நிறம் தடுத்தது. மறுபுறம் பதவியும் படிப்பும் தடுத்தன. கால்பந்துக்கு ஒரு பந்தும் ஒரு வெளியும் போதும். ஆகவே தோட்டத்துப் பிள்ளைகள் கால்பந்தைத் தமதாக்கிக் கொண்டனர். டென்னிசோ மேட்டிலேயே நின்றுவிட்டது.

தென்காசி தந்த பாடம்

தமிழகத்தில் மட்டும் இவ்விளையாட்டு எளியோர் முற்றத்தில் பிறந்ததா என்றால், இல்லை. 1884-இல் தோன்றிய சென்னை ஜிம்கானா மன்றத்தில் இந்தியர்க்கு நெடுங்காலம் இடமில்லை. 1873-இல் அமைந்த காஸ்மாபாலிடன் மன்றம் இந்தியப் பெருமக்கள் கூடும் இடமாயிற்று. அங்கும் கூடியோர் வழக்குரைஞரும் நிலக்கிழாரும் அதிகாரிகளுமே. ஆக, வேலி அங்கும் இருந்தது. ஆனால் அந்த வேலிக்குள் நுழைந்தவர்களுள் சிலர், தாம் கற்றதைத் தம் ஊருக்கும் தம் பிள்ளைகளுக்கும் கொண்டு சென்றனர்.

அவர்களுள் முதன்மையானவர் தென்காசியைச் சேர்ந்த டி. கே. இராமநாதன். குற்றாலச் சாரல் வீசும் அச்சிற்றூரின் மைந்தர், தாமே திறமான ஆட்டக்காரர். அதனினும் சிறந்த ஆசிரியர். அவருடைய மகன் இராமநாதன் கிருஷ்ணன் 1937-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் நாகர்கோவிலில் பிறந்தார். மகனுக்குத் தந்தையே பயிற்சியாளர். வெளிநாட்டுப் பயிற்சியாளரும் இல்லை. விலையுயர்ந்த பயிற்சிக்கூடமும் இல்லை. அக்காலத்தில் தென்னாட்டில் மண்ணை இடித்துச் சமன் செய்து சாணம் மெழுகிய டென்னிஸ் தளங்கள் இருந்தன. கிராமத்து வீட்டு வாசலை எப்படிப் பேணுவார்களோ அப்படியே அத்தளமும் பேணப்பட்டது. இங்கிலாந்தின் புல்தரை வேண்டும் என்று காத்திராமல், இருக்கும் மண்ணிலேயே ஆட்டத்தை ஊன்றினர் என்பது கருதத்தக்கது.

கிருஷ்ணனின் வளர்ச்சியில் ஒரு கல்வியாளர்க்கும் பங்குண்டு. சென்னை லயோலாக் கல்லூரி நடத்திய பெர்ட்ரம் போட்டி கல்லூரி மாணவர்க்கு மட்டுமே உரியது. 13 வயதுப் பள்ளிச் சிறுவராயிருந்த கிருஷ்ணனுக்கு அதில் கலந்துகொள்ளக் கல்லூரியின் முதல்வர் சிறப்பு அனுமதி வழங்கினார். 1951-இல் அச்சிறுவர் அப்போட்டியில் வென்றார். விதியைக் காட்டி அன்று அந்த முதல்வர் வாயிலை அடைத்திருந்தால் எவரும் அவரைக் குறை கூறியிருக்கமாட்டார்கள். விதியினும் திறமை பெரிது என்று அவர் எண்ணினார். அடுத்த மூன்று ஆண்டுகளில், 1954-இல், விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பட்டத்தைக் கிருஷ்ணன் வென்றார். ஆசியாவிலிருந்து அப்பட்டம் வென்றவர்களுள் அவரே முதல்வர். இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்ற ஆஸ்திரேலியர் ஆஷ்லி கூப்பர், நான்கு ஆண்டுகள் கழித்து விம்பிள்டன் ஆடவர் பட்டத்தையே வென்றார் என்பதை நோக்கினால், அந்த வெற்றியின் எடை விளங்கும்.

ஆக, கிருஷ்ணனை உருவாக்கியவை மூன்று: கற்றுக் கொடுத்த தந்தை, சொந்த மண்ணில் அமைந்த தளம், திறந்துவிடப்பட்ட வாயில். இம்மூன்றில் எதுவும் பெருஞ்செல்வத்தால் மட்டும் வருவதன்று.

வலிமைக்கு முன் இடமறிதல்

கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் அரையிறுதிக்குச் சென்றார். முதல் முறை நீல் ஃபிரேசரிடமும், அடுத்த முறை ராட் லேவரிடமும் தோற்றார். 1961-இல் அரையிறுதியை எட்டும் வழியில் அவர் வென்றது ராய் எமர்சனை. இவர்கள் எல்லாரும் ஆஸ்திரேலியர். விசையும் வேகமும் மிக்கவர்கள். கிருஷ்ணனின் தொடக்க வீச்சோ எதிரியை அச்சுறுத்தும் வன்மை உடையதன்று. அப்படியிருந்தும் உலகின் முன்னணி வீரர்களை அவர் வென்றது எவ்வாறு?

அவர் பந்தை ஓங்கி அடிக்கவில்லை, வைத்தார். எதிரியின் வேகத்தையே கடன் வாங்கி, அவன் நில்லாத இடத்தில் பந்தை விட்டார். பந்து தரையைத் தொட்டெழும் அக்கணத்திலேயே மட்டையை மெல்லக் கொடுத்துத் திருப்பினார். காலம் அறிதல், இடம் அறிதல் என்று வள்ளுவர் அதிகாரங்கள் வகுத்தது போர்க்களத்துக்கு. அவற்றை டென்னிஸ் தளத்தில் நடத்திக் காட்டியவர் கிருஷ்ணன் எனலாம். மெதுவான மண் தளத்தில் வளர்ந்தவர்க்கு ஓர் அடியில் புள்ளியை முடிக்க இயலாது. நான்கு அடி, ஐந்து அடி முன்னோக்கி எண்ண வேண்டும். அந்த எண்ணமே அவருடைய ஆயுதமாயிற்று.

பொறுமைக்கு ஒரு சான்று 1966-ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பை. கல்கத்தாவில் இந்தியாவும் பிரேசிலும் மோதின. இரு நாடுகளும் இரண்டிரண்டு ஆட்டங்கள் வென்றிருந்தன. ஐந்தாவதும் இறுதியுமான ஆட்டத்தில் கிருஷ்ணன் தாமஸ் காக்கை எதிர்த்தார். மூன்று செட்டுகளில் இரண்டை இழந்து, நான்காம் செட்டிலும் 2-5 எனப் பின்தங்கி நின்றார். தோல்வி வாயிலில் நின்றது. அந்நிலையிலும் தம் ஆட்ட முறையை மாற்றி வெறிகொண்டு அடிக்க முற்படாமல், ஒவ்வொரு புள்ளியாகச் சேர்த்து, அந்தச் செட்டை 7-5 என்றும் அடுத்ததை 6-2 என்றும் கைப்பற்றினார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்குச் சென்றது. மெல்போர்னில் நடந்த அந்த இறுதிச் சுற்றில் ஆஸ்திரேலியா 4-1 என வென்றது. அந்த ஒற்றை வெற்றி, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இணைந்து ஜான் நியூகோம், டோனி ரோச் ஆகியோரை வீழ்த்திய இரட்டையர் ஆட்டத்தில் கிடைத்தது.

மன்றங்களில் ஆடுவோர் பெரும்பாலும் நாற்பதைக் கடந்தவர்கள். இரட்டையர் ஆட்டமே ஆடுபவர்கள். தொலைக்காட்சியில் காணும் இளைஞரைப் போல மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வீச முற்பட்டுத் தோள்பட்டையை நோகடித்துக் கொள்வது அவர்களிடையே காணப்படும் குறை. அவர்கள் நோக்க வேண்டியது கிருஷ்ணனின் வழி. முதல் வீச்சைக் களத்துக்குள் இடுவது, திருப்பும் பந்தை எதிரியின் காலடியில் விடுவது, வலையருகே நிற்பவர் தலைக்கு மேல் உயர்த்தி அனுப்புவது, அடுத்தவர் தவறும்வரை தாம் தவறாதிருப்பது ஆகிய நான்கும் வயது ஏற ஏறக் குறையாதவை. உடல் வலிமை ஒரு பருவத்தில் வந்து ஒரு பருவத்தில் போகும். இடமறியும் அறிவு முதுமையிலும் துணை நிற்கும்.

தாயும் பிள்ளைகளும்

தந்தை வழிக்கு இராமநாதன் சான்று என்றால், தாய் வழிக்குச் சென்னையின் மேகி அமிர்தராஜ் சான்று. அவர் தொழில் நடத்திய பெண்மணி. ஆனந்த், விஜய், அசோக் என்ற மூன்று ஆண்மக்களின் தாய். நடுப்பிள்ளையாகிய விஜய் 1953-இல் பிறந்தவர். சிறு வயதில் நோயால் பலநாள் மருத்துவமனையில் கிடந்தவர். நலிந்த பிள்ளையை வீட்டுக்குள் பொத்தி வைக்காமல், தளத்திற்கு அனுப்பித் தேற்றினார் அத்தாய். 1973-இல் அப்பிள்ளை விம்பிள்டனிலும் அமெரிக்கப் போட்டியிலும் கால் இறுதி வரை சென்றார். அமெரிக்கப் போட்டியில் ராட் லேவரையே வென்றார். 1976-இல் ஆனந்தும் விஜயும் விம்பிள்டன் இரட்டையர் அரையிறுதியில் ஆடினர்.

அடுத்த தலைமுறையில் கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1979-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்று, 25 ஆண்டுகளுக்கு முன் தந்தை நின்ற இடத்தில் நின்றார். கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998-இல் ஆஸ்திரேலியப் போட்டியின் முதன்மைச் சுற்றில் வென்று, அண்மைக் காலத்தில் அவ்வெற்றியைப் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆனார். பெண்பிள்ளைக்கு மட்டை எதற்கு என்று கேட்போர்க்கு அதுவே விடை.

இக்குடும்பங்கள் தம் பிள்ளைகளோடு நின்றுவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. 1985-இல் பிரிட்டானியா நிறுவனத்தின் துணையோடு அமிர்தராஜ் குடும்பத்தார் சென்னையில் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினர். பல ஊர்களிலிருந்து தேர்ந்தெடுத்த சிறுவர்கள் அங்கே தங்கிப் படித்துப் பயின்றனர். கல்கத்தாவிலிருந்து அவ்வாறு வந்த சிறுவர் லியாண்டர் பயஸ். அவர் 1990-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டமும், 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கமும் வென்றார். 2024-இல் அமெரிக்காவிலுள்ள பன்னாட்டு டென்னிஸ் பெருமக்கள் மண்டபத்தில் விஜய் அமிர்தராஜும் லியாண்டர் பயசும் ஒருங்கே சேர்க்கப்பட்டனர். ஆசியாவிலிருந்து அச்சிறப்பைப் பெற்ற முதல் ஆடவர்கள் இவர்கள்.

வெற்றியைத் துறந்த ஆண்டு

ஒரு நாட்டின் விளையாட்டுப் பண்பாட்டை அதன் கோப்பைகள் மட்டும் காட்டுவதில்லை. 1974-இல் அமிர்தராஜ் சகோதரர்கள் இடம்பெற்ற இந்தியக் குழு டேவிஸ் கோப்பையின் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றது. எதிரி நாடு தென்னாப்பிரிக்கா. நிறவெறியைச் சட்டமாக்கி வைத்திருந்த அந்நாட்டோடு ஆடுவதில்லை என்று இந்தியா விலகிக் கொண்டது. கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. இந்திய வீரர்கள் தம் இளமையின் உச்சியில் நின்ற காலம் அது. வெல்லும் வாய்ப்பு இருந்தும் இழந்தார்கள். அவர்கள் இழந்தது கோப்பை; காத்தது மானம். நிறத்தின் பெயரால் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்ட தோட்டத்து மக்களின் வழிவந்தோர்க்கு இந்நிகழ்ச்சியின் பொருள் பிறரினும் ஆழமாக விளங்கும்.

தோல்வியும் ஒரு பாடம்

தமிழகத்து டென்னிஸ் குறையற்றது என்று புகழ்வது வரலாற்றுக்கு இழைக்கும் தீங்காகும். 1987-இல் இந்தியா மீண்டும் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குச் சென்றது. சிட்னியில் ரமேஷ் கிருஷ்ணன், ஜான் ஃபிட்ஜெரால்டையும் வாலி மசூரையும் வென்று ஆஸ்திரேலியாவை வீழ்த்தத் துணை நின்றார். ஆனால் கோத்தன்பர்க் நகரில் நடந்த இறுதிப் போட்டியில் சுவீடன் 5-0 என வென்றது. அன்று சுவீடனின் மக்கள் தொகை எண்பது இலட்சத்தை ஒட்டியது. தமிழகத்தின் மக்கள் தொகையோ அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? சென்னையில் டென்னிசைத் தாங்கியவை சில குடும்பங்கள். ஒரு தந்தை, ஒரு தாய், ஒரு முதல்வர் என்று தனி மனிதரின் நல்லெண்ணமே ஆட்டத்தை நடத்தியது. சுவீடனில் சிற்றூர்தோறும் கழகம் இருந்தது. குளிர்காலத்தில் ஆடக் கூரையிட்ட கூடங்கள் இருந்தன. தொழிலாளியின் பிள்ளையும் முதலாளியின் பிள்ளையும் ஒரே கூடத்தில் பயின்றனர். விம்பிள்டனை 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்ற பியோன் போர்க் தோன்றியதும், அவருக்குப் பின் மாட்ஸ் விலாண்டரும் ஸ்டெஃபான் எட்பெர்கும் தோன்றியதும் அத்தகைய மண்ணில்தான். குடும்பம் ஒரு வீரனை உருவாக்கும். கழகம் ஒரு தலைமுறையை உருவாக்கும். சென்னையிலிருந்து கற்பதோடு, சென்னை கற்கத் தவறியதையும் சேர்த்துக் கற்பவரே நன்கு கற்றவராவர்.

குருபோங் வட்டாரத்திற்கு உரியவை

மலாக்கா நகருக்கு வடக்கே உள்ள குருபோங் இன்று இரப்பர்க் காடன்று. பால் மரங்கள் நின்ற நிலத்தில் குடியிருப்புகளும் தொழிற்சாலைகளும் எழுந்துவிட்டன. லயங்கள் மறைந்தன, துரை மறைந்தார், பிரட்டுக் களம் மறைந்தது. டென்னிஸ் தளம் மேட்டிலிருந்து இறங்கி, நகரத்துப் பொதுத் திடல்களுக்கும் பள்ளி வளாகங்களுக்கும் வந்திருக்கின்றது. மலேசியாவின் டேவிஸ் கோப்பைக் குழுவில் வி. செல்வம் போன்ற தமிழர் ஆடியதும் உண்டு. நிறத்தின் பெயரால் எவரையும் தடுக்கும் பலகை இன்று எங்கும் இல்லை. ஆயினும் மாலை நேரத்துத் தளங்களில் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைக் காண்பது அரிதாகவே இருக்கின்றது. பழைய வேலி போன பின்னும் அதன் நிழல் போகவில்லை.

இந்நிழலை அகற்றப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. புதிய டென்னிஸ் பந்து சில வாரங்களில் உள்காற்றை இழந்து தளர்ந்துவிடும். மன்றத்தார் அதை ஒதுக்கிவிடுவர். ஆனால் தொடக்க நிலைச் சிறார்க்குத் தளர்ந்த பந்தே ஏற்றது. பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வேகம் குறைந்த பந்துகளையே பயன்படுத்த வேண்டும் என்று பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பு 2012 முதல் விதி செய்திருப்பதும் இக்காரணம் பற்றியே. மன்றத்தில் சேர்ந்து கிடக்கும் பந்துகளும், மூத்தோர் மாற்றிவிட்ட மட்டைகளும், பள்ளியின் ஒரு சுவரும் இருந்தால் போதும், பாடம் தொடங்கலாம். மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. மன்றங்கள் வாரத்துக்கு ஒரு தளத்தை ஒரு மணி நேரம் அண்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினால், அது பெர்ட்ரம் போட்டியின் வாயிலைத் திறந்த முதல்வரின் செயலுக்கு நிகராகும்.

கொடுப்பவர்க்கும் இதில் பயனுண்டு. மூத்தவர் ஒருவர் சிறுவனோடு இணைந்து ஆடும்போது தம் வேகத்தைக் குறைத்து, பந்தை அவன் எட்டும் இடத்தில் வைக்கப் பழகுகின்றார். பந்தை நினைத்த இடத்தில் வைக்கக் கற்றவரே கிருஷ்ணனின் கலையில் முதல் படி ஏறியவர். சிறுவனோ கோட்டில் விழுந்த பந்தை நேர்மையாகச் சொல்லவும், தோற்றபின் வலையருகே சென்று கை கொடுக்கவும் மூத்தவரைப் பார்த்துக் கற்கின்றான். புத்தகத்தில் ஒழுக்கம் என்று படிப்பது அங்கே உடலில் ஏறுகின்றது.

டென்னிஸ் பந்தின் எடை 56 கிராமுக்குக் குறையாமலும் 59.4 கிராமுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சிறு எடைக்குள் மலாக்கா மண்ணின் வரலாறு ஒன்றும் அடங்கியிருக்கின்றது. விடியற்காலையில் மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் சீவியெடுத்த கையின் நிதானமும், விம்பிள்டனில் பந்தை ஓங்கி அடிக்காமல் இடமறிந்து வைத்த கையின் நிதானமும் வேறு வேறல்ல. முன்னது கூலிக்காக உழைத்து மறைந்தது. பின்னது உலகப் புகழ் பெற்றது. இடையில் நின்றது திறமையின் குறைவன்று. கற்றுக் கொடுப்பாரும் கதவு திறப்பாரும் இல்லாமையே. பாட்டனும் பாட்டியும் பால் தந்த பந்தைப் பேரப்பிள்ளைகள் ஆடிப் பார்க்கும் நாளை, மட்டை பிடிக்கும் இன்றைய மூத்தோர் நினைத்தால் விரைவிலேயே கொண்டுவரலாம்.